போட்டோவில் பெரிதாக இருந்த அறை: விற்பனைக்கு வீட்டைப் படம் எடுப்பது பற்றிச் சில குறிப்புகள்

அப்பா போன பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டார். மடிப்பாக்கத்தில் இருந்த இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டை விற்றுவிடலாம் என்று முடிவானது. விளம்பரத்துக்காக நான் முதல் தடவை எடுத்த படங்கள் மொத்தம் ஏழு. மத்தியானம் இரண்டு மணிக்குப் போய், எல்லா லைட்டையும் போட்டுவிட்டு, நின்ற இடத்திலிருந்தே சடசடவென்று எடுத்தது. ஹாலில் ஜன்னல் மட்டும் வெள்ளையாக எரிந்தது, மற்றதெல்லாம் குகை. பெட்ரூம் படத்தில் பாதி கட்டில், மீதி அதன்மேல் மடிக்காத துணி. புரோக்கர் பார்த்துவிட்டு, "சார், இதப் போட்டா போனே வராது" என்றார். போட்டோம். ஒரு மாதத்தில் மூன்று போன் வந்தது. மூன்று பேருமே வேறு புரோக்கர்கள்.

இரண்டாம் தடவை போனில் இருக்கும் 0.5 லென்ஸில் எடுத்தேன். அறைகள் எல்லாம் கல்யாண மண்டபம் மாதிரி வந்தன. எனக்கே பெருமையாக இருந்தது. போன் வந்துகொண்டே இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு குடும்பங்கள் வந்தன. நான்கு பேருமே பெட்ரூம் வாசலில் நின்று ஒரு நொடி ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். கடைசியாக வந்தவர் செங்கல்பட்டிலிருந்து ரயிலேறி, தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அந்த அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, ஹாலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். மகன் அறையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "போட்டோல பெருசா இருந்துச்சே சார்" என்றார். சண்டை போடுகிற குரல் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் சங்கடமாகப் போயிற்று.

நான் எதையும் ஒட்டவில்லை, வெட்டவில்லை, ஃபில்டர் போடவில்லை. இருந்த அறையைத்தான் எடுத்தேன். அப்புறம் எப்படி அது பொய்யானது? இந்தக் கேள்விதான் என்னைக் கொஞ்சம் படிக்கவும், அளந்து பார்க்கவும் வைத்தது. இந்தக் குறிப்புகள் அப்படிச் சேர்ந்தவை. போனில் எடுப்பவர்களுக்கானவை. பெரிய கேமராவும் ஃப்ளாஷும் வைத்திருக்கும் தொழில்காரர்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும்.

படத்துக்கு என்ன வேலை?

வீடு தேடுகிறவர் நம் படத்தை ரசிக்க வரவில்லை. அவர் கையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆறடிக் கட்டிலும் கோத்ரெஜ் பீரோவும் ஒரே அறையில் நிற்குமா? வாஷிங் மெஷின் எங்கே வைப்பது? பகலில் லைட் போட வேண்டியிருக்குமா? சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரா, காற்றா? இதற்கெல்லாம் பதில் சொல்கிற படம் நல்ல படம். வீட்டுக்கு வராத ஒருவர் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்து முடிக்கும்போது, மனதுக்குள் அந்த வீட்டில் ஒரு தடவை நடந்துவிட்டு வந்திருக்க வேண்டும். அவர் மனதில் நடந்த வீடும், நேரில் வந்து நடக்கிற வீடும் ஒன்றாக இருக்க வேண்டும். என் இரண்டாவது தடவைப் படங்கள் தோற்றது இங்கேதான்.

0.5 லென்ஸ் என்ன செய்கிறது

போனின் சாதாரண லென்ஸ் பழைய ஃபிலிம் கேமராக் கணக்கில் சுமார் 24 முதல் 26 மி.மீ. அதைப் படுக்கவசமாகப் பிடித்தால் பக்கவாட்டில் 70 டிகிரியை ஒட்டிப் பார்க்கும். 0.5 என்று போட்டால் வருவது சுமார் 13 மி.மீ. லென்ஸ். அது 105 டிகிரிக்கு மேல் பார்க்கும்.

ஒரு அறையின் மூலையில் முதுகை ஒட்டி நின்றால், இடப்பக்கச் சுவரும் வலப்பக்கச் சுவரும் நம்மிடமிருந்து 90 டிகிரியில் பிரிந்து போகின்றன. இரண்டு சுவரையும் ஒரே படத்தில் கொண்டுவர 90 டிகிரி பார்வை வேண்டும். சாதாரண லென்ஸுக்கு அது எட்டாது. அதனால்தான் எல்லோரும் 0.5க்கு ஓடுகிறோம். தப்பில்லை. ஆனால் அதற்கு விலை இரண்டு விதமாகப் போகிறது.

முதலாவது, ஓரம் இழுபடுவது. நேர்கோடுகளை நேர்கோடாகவே காட்ட வேண்டுமானால், நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக லென்ஸ் பொருள்களை நீட்டித்தான் ஆக வேண்டும். தட்டையான படத்தின் ஜியோமிதி அது. 13 மி.மீ. லென்ஸின் ஓரத்தில் வைத்த உருண்டையான பானை, அதன் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் அகலமாகத் தெரியும். சாதாரண லென்ஸின் ஓரத்தில் இந்த நீட்சி கால் பங்குகூட வராது. என் படத்தில் வலது ஓரத்தில் இருந்த ஒற்றைக் கட்டில், இரட்டைக் கட்டிலாக ஆனது இப்படித்தான்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. எந்தப் படத்துக்கும், அதைச் சரியாகப் பார்க்க ஒரு தூரம் உண்டு. கேமரா பார்த்த அதே கோணத்தில் நம் கண்ணும் படத்தைப் பார்க்கிற தூரம் அது. போனை நிமிர்த்திப் பிடித்திருக்கும்போது படம் ஏழு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். 0.5ல் எடுத்த படமென்றால், அந்தத் தூரம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. மூக்குக்கே இடம் போதாது. நாம் பார்ப்பதோ முப்பது சென்டிமீட்டர் தள்ளி. அவ்வளவு தள்ளிப் பார்க்கும்போது, எதிர்ச்சுவர் படத்தில் சின்னதாக இருப்பதை "அது ரொம்ப தூரத்தில் இருக்கிறது" என்று மூளை எடுத்துக்கொள்கிறது. பத்தடி அறை பதினைந்தடியாகிறது. லென்ஸ் பொய் சொல்லவில்லை. பார்க்கிற தூரம்தான் மாறிவிட்டது. செங்கல்பட்டுக்காரர் ஏமாந்தது அந்த இடத்தில்.

நடைமுறையில் நான் இப்போது செய்வது:

ஒன்று, முதலில் சாதாரண லென்ஸிலேயே முயற்சி செய்வது. அறைக்குள் இடம் போதாவிட்டால் வெளியே வந்து, வாசற்படிக்கு அப்பால் நின்று எடுப்பது. நிலையின் ஓரம் கொஞ்சம் தெரிந்தால் பரவாயில்லை. "இதுதான் வாசல், இங்கிருந்து உள்ளே போகிறோம்" என்று அதுவே சொல்லிவிடும்.

இரண்டு, மூலையிலிருந்து எடுத்தே ஆகவேண்டும் என்றால் 0.5ல் நிறுத்தாமல், விரலால் 0.7க்குக் கொண்டுவருவது. அது சுமார் 18 மி.மீ. கணக்கு, ஏறத்தாழ 90 டிகிரி. மூலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். அதற்கு மேல் வாங்குவதெல்லாம் ஆசை.

மூன்று, 0.5ஐ பாத்ரூமுக்கும் சின்ன சமையலறைக்கும் மட்டும் வைத்துக்கொள்வது. அங்கே வேறு வழியில்லை. அப்போதும் கட்டில், வட்ட மேஜை, வாஷ்பேசின் போன்றவை படத்தின் ஓரத்தில் விழாமல் பார்த்துக்கொள்வது. ஓரத்தில் வெறும் சுவர் விழட்டும். சுவர் நீண்டால் யாருக்கும் தெரியாது.

போனைச் சாய்க்காதீர்கள்

நின்றபடி எடுக்கும்போது நாம் எல்லோரும் போனைக் கீழே கொஞ்சம் சாய்க்கிறோம், தரை தெரியட்டும் என்று. சாய்த்த உடனே சுவரின் செங்குத்துக் கோடுகள் கீழ்நோக்கிக் குவியும். கதவு நிலை, ஜன்னல், பீரோ எல்லாம் கவிழப் போகிற மாதிரி இருக்கும். மேலே சாய்த்தால் எதிர்ப்பக்கம் குவியும். பார்க்கிறவருக்கு என்ன தப்பென்று சொல்லத் தெரியாது, ஆனால் வீடே கோணலாகத் தோன்றும்.

தீர்வு சுலபம். போன் சுவரைப் போலச் செங்குத்தாக நிற்க வேண்டும். கேமரா செட்டிங்கில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு, கதவு நிலையின் கோட்டோடு ஒத்துப் பாருங்கள். தரை அதிகம் வேண்டுமென்றால் போனைச் சாய்க்காமல் தாழ்த்துங்கள். பத்தடி உயர அறையில் ஐந்தடியில் பிடித்தால் தரையும் கூரையும் சமமாகத் தெரியும். கூரையில் நாம் காட்ட ஒன்றுமில்லை, மின்விசிறியைத் தவிர. அதனால் ஹாலிலும் பெட்ரூமிலும் நான்கடி உயரம், அதாவது நெஞ்சுக்குச் சற்றுக் கீழே, சரியாக வருகிறது. அந்த உயரத்தில் தரை அதிகமாகவும் கூரை கொஞ்சம் குறைவாகவும் வரும். எடுத்த பிறகு மேலே இருப்பதை வெட்டிவிட்டால் போதும். கட்டடங்களைப் படமெடுக்கிறவர்கள் இதற்கென்றே லென்ஸை மேலும் கீழும் நகர்த்தக்கூடிய கேமரா வைத்திருப்பார்கள். சாய்க்காமல் எடுத்துப் பிறகு வெட்டுவது அதே வேலையைச் செய்துவிடுகிறது. சமையலறைக்கு மட்டும் கொஞ்சம் உயர்த்துங்கள். மேடையின் மேற்பரப்பு தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மேடை வெறும் கோடாகிவிடும்.

டிரைபாட் இல்லையென்றால் பிளாஸ்டிக் ஸ்டூல், அதன்மேல் நான்கு புத்தகம், ஒரு டம்ளரில் சாய்த்த போன், மூன்று விநாடி டைமர். கை நடுக்கம் போய்விடும். மங்கலான அறைகளில் இது ரொம்ப முக்கியம்.

ஜன்னல் ஏன் எரிகிறது?

வெளியே நேர்வெயிலில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். ஹாலுக்குள் நூறு, இருநூறு இருந்தால் அதிகம். ஐந்நூறிலிருந்து ஆயிரம் மடங்கு வித்தியாசம். நம் கண் ஜன்னலைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும், சோபாவைப் பார்க்கும்போது வேறு மாதிரியும் தன்னை மாற்றிக்கொள்கிறது. நமக்குத் தெரிவதுகூட இல்லை. கேமராவுக்கு ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு. ஜன்னலுக்குச் சரிசெய்தால் அறை குகை, அறைக்குச் சரிசெய்தால் ஜன்னல் வெள்ளைத் தாள்.

இது புதிய சிக்கல் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் பியர் கோனிக் வடிவமைத்த கண்ணாடி வீட்டை 1960ல் ஜூலியஸ் ஷுல்மன் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. கீழே நகரத்தின் விளக்குகள், மேலே அந்தரத்தில் நிற்பதுபோல் ஒரு அறை, அதில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நகர விளக்குகள் பதிவதற்காகப் பல நிமிடம் லென்ஸைத் திறந்து வைத்திருந்துவிட்டு, கடைசியில் ஃப்ளாஷ் அடித்துப் பெண்களைப் பதிவு செய்தார். இரண்டு வெளிச்சத்துக்கு இரண்டு தடவை. பிறகு 1997ல் டெபெவெக், மாலிக் என்ற இருவர், ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களைக் கணக்குப் போட்டு இணைக்கும் முறையை ஒரு ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். இன்று நம் போனில் எச்டிஆர் என்று ஓடுவதும் அந்த வழியில் வந்ததுதான். போன் ஒரு நொடிக்குள் பல படங்களை எடுத்துக் கலந்துவிடுகிறது.

ஆனால் போன் செய்கிற மாயத்துக்கும் எல்லை உண்டு. மத்தியான வெயிலில் அது தோற்கும், இல்லாவிட்டால் சாம்பல் பூசின மாதிரி ஒரு படம் தரும். வித்தியாசத்தையே குறைப்பதுதான் நல்ல வழி. அந்த ஜன்னலில் நேர்வெயில் விழாத நேரத்தில் எடுங்கள். கிழக்கு ஜன்னல் உள்ள அறையைச் சாயங்காலம், மேற்கு ஜன்னல் உள்ள அறையைக் காலை. மேகமூட்டமான நாள் கிடைத்தால் விடாதீர்கள். வானமே ஒரு பெரிய வெள்ளைத் திரையாகி, அறைக்குள் மெத்தென்று வெளிச்சம் வரும். திரையில் ஜன்னலுக்கு மேல் விரலை வைக்காமல், ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் வைத்து அழுத்திப் பிடியுங்கள். வெளிச்ச அளவு அங்கே பூட்டிக்கொள்ளும். பிறகு கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம். வெள்ளைச் சுவர் வெள்ளையாகவும், ஜன்னல் கம்பி தெரியும்படியும் இருந்தால் போதும். வெளியில் இருக்கிற மரத்தின் இலையெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது விளக்கின் நிறம். நம் வீடுகளில் டியூப்லைட் நீலம் கலந்த வெள்ளை, 6500 கெல்வின். பூஜை அறையிலோ டிவிக்குப் பின்னாலோ இருக்கும் மஞ்சள் பல்பு 3000க்குக் கீழே. ஜன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சம் இரண்டுக்கும் நடுவில். மூன்றையும் ஒரே படத்தில் கலந்தால் ஒரு சுவர் நீலம், ஒரு சுவர் மஞ்சள், நடுவில் ஒரு பச்சைத் திட்டு. சுவரில் பூஞ்சையோ என்று பார்க்கிறவர் நினைப்பார். பகலில் எடுக்கும்போது லைட்டெல்லாம் அணைத்துவிட்டுத் திரைச்சீலையைத் திறந்துவிடுங்கள். இருட்டு அறையென்றால் ஒரே நிற விளக்குகளை மட்டும் போடுங்கள்.

மின்விசிறியை நிறுத்துங்கள். விளக்கைப் போட்டு எடுத்த படத்தில் குறுக்கே கருப்புப் பட்டைகள் ஓடினால் அது போனின் கோளாறு இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 தடவை துடிக்கிறது. செட்டிங்கில் 50 ஹெர்ட்ஸ் என்று தேர்ந்தெடுக்க வழியிருந்தால் தேர்ந்தெடுங்கள்.

வடக்குப் பார்த்த வீட்டின் முகம்

எங்கள் கட்டடம் வடக்குப் பார்த்தது. புரோக்கர் அதைப் பெரிய எழுத்தில் போட்டார், வாஸ்துக்காக. ஆனால் வாசல் பக்கத்தை நான் டிசம்பரில் எப்போது எடுத்தாலும் வானம் பளீரென்றும் கட்டடம் கரியாகவும் வந்தது. காரணம் எளிது. டிசம்பரில் சென்னையில் உச்சி வெயில்கூடத் தலைக்கு நேரே வராது. தெற்கே சாய்ந்து, தொடுவானத்திலிருந்து சுமார் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வடக்கு முகத்தில் அந்த மாதம் முழுக்கத் துளி வெயில் விழாது.

சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 25 வாக்கில் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே போய்விடும். ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே திரும்பும். இந்த நான்கு மாதத்தில் வடக்கு முகத்துக்கு நல்ல வெயில் உண்டு. அதை ஒட்டிய வாரங்களில் காலையும் மாலையும் சாய்வாகக் கொஞ்சம் கிடைக்கும். கிழக்கு வாசலுக்குக் காலை ஏழிலிருந்து ஒன்பது, மேற்கு வாசலுக்குச் சாயங்காலம் நான்குக்கு மேல், தெற்கு வாசலுக்குக் குளிர்காலப் பகல்.

வடக்கு வாசலைக் குளிர்காலத்தில் எடுத்தே ஆகவேண்டும் என்றால் இரண்டு வழி. மேகமூட்டம், இல்லாவிட்டால் அந்திப் பொழுது. சூரியன் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில், வீட்டு விளக்குகளும் வானமும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்துக்கு வரும். ஜன்னல்கள் உள்ளிருந்து ஒளிர, வானம் நீலமாக இருக்கும். நம் ஊர்ப் பக்கம் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும், சுமார் இருபது நிமிடம்தான். ஐந்தரை மணிக்கே போய், எங்கே நிற்பது என்று முடிவுசெய்து வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு முதல் நாள் தவறிவிட்டது, எதிர்வீட்டுக் காரை நகர்த்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எதை எடுத்து வைப்பது, எதை விடுவது

கண்ணுக்குப் பழகிப்போன பொருள்களைக் கேமரா விடாது. கேன் தண்ணீர், கேஸ் சிலிண்டர், மிக்ஸி வயர், கதவுக்குப் பின்னால் தொங்கும் பைகள், ஃப்ரிட்ஜ்மேல் இருக்கும் மருந்து டப்பாக்கள், கொடியில் காயும் துணி, வாசலில் செருப்பு. அறை அறையாகச் செய்யுங்கள். ஒரு அறையின் சாமானை இன்னொன்றில் போட்டு எடுத்துவிட்டு, பிறகு மாற்றுங்கள். பாத்ரூமில் வாளி, மக், சோப்பு எதுவும் வேண்டாம். தரை காய்ந்திருக்கட்டும்.

அறையை முழுக்கக் காலி செய்யாதீர்கள். கட்டில் இருந்தால் அறை சின்னதாகத் தெரியும் என்று பயப்படுகிறோம். உண்மையில் காலி அறைக்குத்தான் அளவே தெரியாது. ஒரு கட்டில் கிடந்தால், பார்க்கிறவர் தன் கட்டிலை அந்த இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார். அதைவிட நல்ல அளவுகோல் தரை. எங்கள் ஃப்ளாட்டில் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ். பெட்ரூமில் ஐந்து வரிசை. டைல்ஸ் முழுதாகத் தெரியும்படி எடுத்தால் எண்ணிக்கொள்ளலாம்.

அடுத்து, யாருக்கும் தெரியக் கூடாதவை. பிள்ளைகளின் படம், பெயர் போட்ட சான்றிதழ், ஈபி கார்டு, சாவிக் கொத்து, பீரோவும் அதன் பூட்டும், பைக்கின் நம்பர் பிளேட். முன்பின் தெரியாதவர்கள் பார்க்கப் போகிற படங்கள் இவை. எடுத்த இடமும் படத்துக்குள் பதிந்துவிடும். கேமராவில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அந்தத் தகவல் உதிர்ந்துவிடும், படமும் சுருங்கிவிடும். புரோக்கருக்குத் தெளிவாகப் போக வேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். அப்போது இடத் தகவலும் கூடவே போகும். அதனால்தான் எடுக்கும்போதே அணைத்துவிடச் சொல்கிறேன்.

ஹாலில் அப்பாவின் படம் மாலையோடு மாட்டியிருந்தது. எனக்கு அதைக் கழற்றச் சொல்ல வாய் வரவில்லை. மூன்றாம் தடவை எடுக்கப் போன அன்று அம்மாவும் கூட வந்திருந்தார். நான் அந்தச் சுவரைத் தவிர்த்து ஆங்கிள் தேடிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவரே ஸ்டூலைப் போட்டு, "புடிச்சுக்கோ, நான் எறக்கறேன்" என்றார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தது. அந்தச் செவ்வகம் படத்தில் தெரிகிறது. அதை நான் அழிக்கவில்லை.

எத்தனை படம், என்ன வரிசை?

மூன்றாம் தடவை போட்டது இருபத்திரண்டு படம். ஒருவர் நடந்து வருகிற வரிசையில்: தெரு (ஒரு கார் நின்றால் இன்னொன்று போகுமா என்று தெரியும்படி), கேட், பார்க்கிங், மாடிப்படி, வாசல் கதவு, ஹால் எதிரெதிர் மூலைகளிலிருந்து இரண்டு, ஹாலிலிருந்து சமையலறையும் பெட்ரூம் கதவுகளும் தெரியும்படி ஒன்று. வீட்டின் அமைப்பு புரிவது இந்தக் கடைசிப் படத்தில்தான். பலரும் இதை எடுப்பதில்லை. ஒவ்வொரு அறையாகத் தனித்தனியாகக் காட்டினால், எது எதற்குப் பக்கத்தில் என்று யாருக்கும் தெரியாது.

பிறகு சமையலறை, பெட்ரூம்கள், பாத்ரூம்கள், சர்வீஸ் ஏரியாவில் வாஷிங் மெஷினுக்கான குழாய், பால்கனியிலிருந்து தெரிவது, லாஃப்ட், மொட்டை மாடி, சம்ப்பும் மோட்டாரும், மீட்டர் போர்டு (எண்களை மறைத்து). சென்னையில் வீடு வாங்க வருகிறவர் இரண்டாவதாகக் கேட்கிற கேள்வியே தண்ணீர்தான். சம்ப் படம் அழகாக இருக்காது, ஆனால் ஹால் படத்துக்கு அடுத்தபடியாக அதைத்தான் எல்லோரும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். கடைசியில் கையால் வரைந்த ஒரு பிளான், அடிக்கணக்கு எழுதி. முதல் படமாக வைக்க வேண்டியது வீட்டின் சிறந்த அறை. எங்களுக்கு அது பால்கனிக் கதவு திறந்த ஹால். பட்டியலில் கட்டைவிரல் அளவில் தெரியப் போவது அது ஒன்றுதான்.

ஓதத்தை என்ன செய்வது?

சின்ன பெட்ரூமின் மேற்குச் சுவரில் மழைக்காலத்து ஓதம் ஒன்று உண்டு. அதைப் போனிலேயே விரலால் தேய்த்து அழித்துவிட முடிகிறது இப்போது. காலி அறைக்கு சோபா போடலாம், வானத்தை நீலமாக்கலாம். புரோக்கர் அழித்துவிடச் சொன்னார்.

புதிதாகக் கட்டி விற்கிற பில்டர்களுக்கு இதில் சட்டம் இருக்கிறது. 2016ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விளம்பரத்தில் இருந்த தவறான தகவலை நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு பில்டர் ஈடு தர வேண்டும் என்கிறது. மாதிரி வீட்டைக் காட்டி ஏமாற்றினாலும் அப்படித்தான். பழைய ஃப்ளாட்டை விற்கிற என் போன்றவரை அந்தப் பிரிவு தொடாது. ஆனால் வருகிறவர் செலவழிப்பது அதே ஞாயிற்றுக்கிழமை, அதே ரயில் சார்ஜ், அதே முழங்கால்.

என் அளவில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். நாளைக்கு வீடு பார்க்க வருகிறவருக்கு நான் நேரில் செய்து வைக்கக்கூடியதைப் படத்திலும் செய்யலாம். துணியை மடிக்கலாம், திரையைத் திறக்கலாம், நல்ல நேரத்தில் வரச் சொல்லலாம். கோணலாக வந்த படத்தை நேராக்கலாம். நேரில் செய்ய முடியாததைப் படத்திலும் செய்யக் கூடாது. ஓதத்தை அழிக்க வேண்டுமென்றால் சுவரை உடைத்துப் பூசிவிட்டு எடுக்கட்டும். நான் ஓதத்தைத் தனிப் படமாகவே போட்டு, கீழே ஒரு வரி எழுதினேன்: மேற்குச் சுவர், பெருமழையில் மட்டும் வருகிறது.

புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார். போன்கள் குறைந்தது உண்மை. வந்தவர்கள் வேறு மாதிரி வந்தார்கள். ஒரு தம்பதி டேப்போடு வந்து நேராக அந்தச் சுவருக்குப் போனார்கள். அந்தப் பெண் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சு டைல்ஸ், பத்தடி. கட்டில் இங்க, பீரோ ஹால்ல" என்றார், கணவரிடம். வீட்டிலேயே எண்ணி முடித்துவிட்டு வந்திருந்தார். ஓதத்தைச் சொல்லி விலையைக் குறைத்தார்கள், அது நியாயம்தான். பேரம் இரண்டு வாரம் நடந்து முடிந்தது.

கடைசியாக ஒரு சோதனை. காசில்லாமல் செய்யலாம். எடுத்த படங்களை, அந்த வீட்டுக்கு ஒருபோதும் வராத ஒருவருக்கு அனுப்பி, "இந்த ரூம் எத்தனை அடி இருக்கும், சொல்லு" என்று கேளுங்கள். நான் மதுரையில் இருக்கும் சித்தி பையனுக்கு அனுப்பினேன். 0.5ல் எடுத்ததைப் பார்த்து, "பதினாலு இருக்கும்ணே" என்றான். அடுத்த நாள், அதே அறையை 0.7ல், டைல்ஸ் தெரிய எடுத்ததை அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "இது சின்ன ரூமாண்ணே? பத்து, பத்தரை."

இரண்டாவது படத்தைத்தான் போட்டேன்.